வடித்த தண்ணீர்

பீன்ஸ், கேரட், பட்டாணி, பசலைக்கீரை, வெண்டைக்காய். ஐந்து டின்களையும் திறந்து ஐந்து கண்ணாடிக் குடுவைகளில் கவிழ்த்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அடைத்தவை. பசலை சேறு போலக் கறுத்திருந்தது. பட்டாணி மட்டும் நேற்றுப் பறித்ததைப் போலப் பச்சையாக இருந்தது. அது பட்டாணியின் நிறமல்ல, அடைக்கும்போது சேர்த்த சாயம்.

எந்தக் காயில் எவ்வளவு வைட்டமின் சி சத்து எஞ்சியிருக்கிறது என்று ஒப்பிட்டு ஓர் அட்டவணை எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை செய்கிற வேலைதான். ஆய்வகத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான். எழுதிக் கொடுப்பேன், கோப்பில் வைத்துவிடுவார்கள். இந்த முறை அட்டவணைக்காக வாசலில் வந்து நின்றார்கள். மருத்துவப் பிரிவில் நாற்பத்தொரு குழந்தைகள் கிடந்தார்கள். ஈறுகள் வீங்கி இரத்தம் கசிந்தது. காலைத் தொட்டால் அலறினார்கள். முழங்கால்களை மடக்கி விரித்துக்கொண்டு, தவளைகளைப் போல அசையாமல் படுத்திருந்தார்கள். இருபத்தேழாவது கட்டிலில் என் மகள் வேணி. ஆறு வயது.

வெண்பூஞ்சை வந்து மேலே மண்ணில் பச்சை எதுவும் முளைக்காமல் போன ஆண்டில், ஆனைமலைக்குள் கைவிடப்பட்டிருந்த ஒரு மின்நிலையச் சுரங்கத்துக்குள் ஆயிரத்து எண்ணூறு பேர் நுழைந்து கதவை அடைத்துக்கொண்டோம். தொட்டிகளில் ஈஸ்ட் வளர்த்து அதைக் காயவைத்து மாவாக்கினோம். மாவு வயிற்றை நிரப்பும். மற்றதற்கெல்லாம் கதவை அடைப்பதற்கு முன் கடைசி விளைச்சலிலிருந்து அடைத்து வைத்த டின்கள்தான். பத்துப் பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு டின். மாத்திரைகள் மூன்றாம் ஆண்டிலேயே தீர்ந்துவிட்டன.

"பூபதி, உங்க அட்டவணைய நான் நம்பலாமா?"

டாக்டர் ஜெபராணி வாசலிலேயே நின்றார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"அஞ்சு தடவ பண்ணிப் பாத்துட்டேன் டாக்டர். பசலையில நிறைய இருக்கு. பீன்ஸ், வெண்டைக்காயில அதுல பாதி. பட்டாணி பரவாயில்ல. கேரட்லதான் கம்மி. மாத்தி மாத்திக் குடுத்தா ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராம் வந்துருது. இந்த நோய் வராம இருக்க அது போதும்."

"போதும்னா எங்கிட்ட ஏன் இத்தன பிள்ளைங்க? போன வருஷம் வரைக்கும் ஒண்ணு இல்லையே?"

"போன வருஷம் தக்காளி இருந்துச்சு. தீந்து எட்டு மாசமாச்சு."

"தக்காளி இல்லாமலே போதும்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

நான் குடுவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தார்.

"சட்டையத் தூக்குங்க."

தூக்கினேன். பதினான்கு வயதில் குடல்வால் அறுவை செய்த தழும்பு. வெள்ளைக் கோடாக இருந்தது, இரண்டு வாரமாகச் சிவந்து, ஓரத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"பழைய காயம்னு ஒண்ணு உடம்புல கெடையாது பூபதி. முப்பது வருஷம் முந்திப் போட்ட தையல உடம்பு தெனமும் புதுசாப் போட்டுக்கிட்டே இருக்கு. நூல் தீந்துபோச்சுன்னா பிரிஞ்சுடும். அந்த நூலுக்குத்தான் இந்தச் சத்து வேணும். உங்க உடம்புல நூல் இல்ல. அட்டவணையில இருக்கு."

"வேணிக்கு எத்தன நாள் டாக்டர்?"

அவர் ஒரு குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திரும்ப வைத்தார்.

"நேத்து காலையில வரைக்கும் நாப்பத்திரண்டு பிள்ளைங்க" என்றார். பிறகு போய்விட்டார்.

*

ஆய்வு முடிந்த குழம்பைக் கொட்டுவதற்காக வடிகால் பகுதிக்குப் போனேன். சுரங்கம் அங்கே தாழ்ந்து கழிவுத் தொட்டிகளில் முடிகிறது. பின்வந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். கதவை அடைத்து நான்கு மாதம் கழித்து வந்து தட்டியவர்கள். பதினோரு நாள் விடாமல் தட்டினார்கள். தொட்டி கழுவ ஆள் வேண்டியிருந்ததால் திறந்தோம். இப்போது இருநூறு பேர். அவர்களுக்கு மாவு உண்டு, காய்ப்பங்கு கிடையாது. திறப்பதற்கு முன்பே கதவின் மறுபுறம் நின்று அதற்குச் சம்மதித்திருந்தார்கள்.

வாளியைச் சாய்க்கும்போது சத்தம் கேட்டது. தொப், தொப் என்று. தரையில் கரிக்கோடு போட்டு ஒரு பெண்குழந்தை நொண்டியடித்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் ஆறு கட்டம் தாண்டியது. திரும்பியது. மறுபடி தாண்டியது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் தங்கள் முறைக்காகத் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு மாதமாகக் குழந்தைகளின் கால்கள் அசைந்து நான் பார்த்ததில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏனுங் சார், கோட்டத் தொடச்சுப் போடறனுங். புள்ளைகளுக்குச் சொன்னாக் கேக்கறதில்லீங்" என்று பட்டம்மா ஓடிவந்தாள். தொட்டி கழுவுகிறவள். அவள் மகள்தான் நொண்டியடித்தது. பெயர் குப்பாயி.

"கோடு இருக்கட்டும். வாயத் தொற கண்ணு."

குழந்தை தாயைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. ஈறுகள் இளஞ்சிவப்பாக, இறுக்கமாக இருந்தன.

"இவளுக்கு என்ன குடுக்கறீங்க?"

"மாவுதானுங். வேறென்ன இருக்குது."

"மாவு மட்டுமா?"

பட்டம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அப்போது அது உண்மைதான்.

அவள் உள்ளே போய் ஒரு குண்டாவை எடுத்து வந்தாள். மாவுக் கஞ்சி. ஆனால் வெள்ளையாக இல்லை. பாசி பிடித்த குளத்துத் தண்ணீரைப் போல மங்கிய பச்சை நிறம். தகரம், உப்பு, வெந்த பீன்ஸ் எல்லாம் கலந்த வாசனை.

"சமையக்கூடத்துல டின்னு வடிக்கற தண்ணிங். தொட்டிக்குத்தான் வருது. அக்காகிட்ட நாந்தான் கெஞ்சிக் கேட்டனுங். உப்புக்கரிப்பா நல்லா இருக்குது, வெறும் மாவு எறங்க மாட்டீங்குது புள்ளைகளுக்கு. ஏழு வருசமா அந்தத் தண்ணியிலதானுங் எல்லாரும் கஞ்சி காச்சறோம். அக்கா மேல தப்பில்லீங்."

அக்கா என்று அவள் சொன்னது சமையல்கூடப் பொறுப்பாளரை. சுலோசனாவை. என் மனைவியை.

*

இரண்டாம் ஆண்டில், ஊதிப்போன ஒரு டின்னைத் திறந்து சாப்பிட்டு ஏழு பேர் ஒரே நாளில் இறந்தார்கள். அதன் பிறகு டின்னைத் தொடவே மக்கள் மறுத்தார்கள். நிர்வாகம் என்னிடம் விதி கேட்டது. ஊதிய டின்னை எறிந்துவிட்டு, மற்றதைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் கொதிப்பது கண்ணுக்குத் தெரிகிற காவலாக இல்லை. கையால் ஏதாவது செய்தால்தான் பயம் போகும் என்று தோன்றியது. அரிசி களைந்து பழகிய கைகள். எழுதினேன்: டின்னில் உள்ள நீரை முழுவதும் வடித்துவிட்டுக் காயை மூன்று முறை கழுவிய பின்பே சமைக்க வேண்டும்.

பயம் போய்விட்டது. மூணு தண்ணி என்று அதற்குப் பெயர் வந்தது. உள்ளே பிறந்த குழந்தைகள் விளையாட்டுச் சமையலில்கூட மூன்று தண்ணீர் ஊற்றிக் கொட்டின. தக்காளிக்கு மட்டும் விலக்கு. அதை வடிக்க முடியாது, கூழாக இருக்கும்.

ஆய்வகச் சுவரில் வேறொரு தாள் ஒட்டியிருக்கிறது. நான் வருவதற்கு முன்பே யாரோ ஒட்டியது. டின்னில் உள்ள அனைத்தையும் குடுவையில் கவிழ்த்து, அரைத்து, அளக்கவும். ஒன்பது ஆண்டுகளாக அதன்படியே கவிழ்த்து, அரைத்து, அளந்தேன். நீரோடு சேர்த்து. வீட்டுக்குப் போய், மூன்று தண்ணீர் கழுவிய பீன்ஸைச் சாப்பிட்டேன். இரண்டு தாள்களும் ஒரே மனிதனிடம் இருந்தன. ஒரு நாள்கூட அவன் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கவில்லை.

அன்று ஐந்து புதிய டின்களைத் திறந்தேன். காயைத் தனியாகவும் நீரைத் தனியாகவும் பிரித்தேன். காயை மூன்று முறை கழுவினேன். பீன்ஸில் கருவியின் முள் எழவே இல்லை. வெண்டைக்காயில் இல்லை. கேரட்டிலும் பட்டாணியிலும் இல்லை. பசலையில் சற்று அசைந்து படுத்துக்கொண்டது. நீரை ஊற்றியதும் முள் எழுந்து நின்றது.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து அதை மூடக்கூடத் தோன்றவில்லை.

*

"ஊத்தறதத்தான குடுத்தனுங்க. அதுவும் தப்பா?" என்றாள் சுலோ.

சமையல்கூடத்தில் மதிய வேலை முடிந்திருந்தது. காலி டின்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. நான் சொல்லி முடித்ததும் அவள் வடிகட்டிப் பாத்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான்தான் இத்தன நாளா வேணியோட சோத்துல இருந்து... இந்தக் கையாலயே..."

"நீ இல்ல சுலோ. நான் எழுதினது."

அவள் என்னைப் பார்த்தாள். ஆறுதல் சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் விட்டாள். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததே நேர்மை.

"தெனமும் ஒரு சொம்பு தண்ணி வேணிக்குக் கொண்டு போயர்றனுங்க. யாருக்கும் தெரியாது. பாக்கி எப்பவும் போலப் பட்டம்மாகிட்டப் போகட்டும்."

"மத்த நாப்பது புள்ளைங்க?"

"அதுகளுக்கும் எடுக்கறேன். முடிஞ்ச வரைக்கும்."

"நாப்பது சொம்பு தூக்கிட்டுப் போனா ரெண்டாம் நாள் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா என்னங்க ஆகும்? வடிச்ச தண்ணி. அதுல என்ன இருக்குதுன்னு நீங்க சொன்னாத்தான தெரியும்?"

நான் ஒரு காலி டின்னை எடுத்து அதன் அடியைப் பார்த்தேன்.

"சொன்னீங்கன்னா அவுங்களுக்கு ஒரு சொட்டு விட மாட்டாங்க. பதினோரு நாள் கதவத் தட்டவிட்டவங்க" என்றாள்.

அது எனக்கும் தெரியும். ஆனால் கூட்டிப் பார்த்திருந்தேன். மொத்தச் சத்தையும் ஆயிரத்து எண்ணூறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து. இருநூறு பேரையும் சேர்த்து இரண்டாயிரமாக்கினால் ஒன்பது. ஒரே ஒரு மில்லிகிராம்தான் குறையும். ஒன்பதிலும் யாரும் சாக மாட்டார்கள். இதைச் சொன்னால் எந்த மனிதனுக்கும் புரியும் என்று நம்பினேன். அன்றைக்கு உண்மையாகவே நம்பினேனா, அல்லது என் அட்டவணையைத் திருத்திவிட வேண்டும் என்ற அரிப்புக்கு அப்படிப் பெயர் வைத்துக்கொண்டேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. நாற்பது குழந்தைகளை நினைத்தேன் என்பது உண்மை. அவர்களை மட்டுமே நினைத்தேன் என்பது உண்மையல்ல.

*

நிர்வாகி திரவியம் அறிக்கையை இரண்டு முறை படித்தார். மெதுவாகப் படிக்கிறவர். அவருடைய பேத்தி ஒன்பதாவது கட்டிலில் இருந்தாள்.

"வடிக்கிற தண்ணியில" என்றார். "ஏழு வருஷமா சாக்கடையில ஊத்திட்டு இருக்கோம்."

"ஆமா சார். கழுவறத நிறுத்திட்டு டின்ன அப்படியே கொதிக்க வெச்சு எல்லாருக்கும் குடுத்தாப் போதும். பின்வந்தவங்களையும் சேத்தே வருது. ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு..."

"கழுவச் சொன்ன விதிய எழுதினது யாரு?"

அவர் கேட்கும்போதே கோப்பு மேசையில் திறந்து இருந்தது. என் கையெழுத்து நீலமாக, இளமையாக இருந்தது.

"நான்தான் சார்."

அவர் தலையசைத்தார். கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"விதி தப்புன்னு சொன்னோம்னு வெய்ங்க. நேத்துப் போன புள்ளையோட அப்பன் எங்க வருவான்? உங்க வீட்டுக்கு வருவான். அப்பறம் எங்கிட்ட வருவான். நாளைக்கு நாம சொல்ற எந்த விதியையும் எவனும் கேக்க மாட்டான். அதே, மருந்து கண்டுபிடிச்சிருக்கோம்னு சொன்னா?"

"மருந்தா?"

"சத்துநீர். மூணு தண்ணி அப்படியே இருக்கட்டும். வடிக்கிறத கொதிக்க வெச்சு, அளந்து, வார்டுக்கும் காய்ப்பங்கு அட்டை வெச்சிருக்கிறவங்களுக்கும் குடுக்கலாம். வாங்கற எடத்துலயே குடிச்சுடணும். வெளிய போகக் கூடாது."

"பின்வந்தவங்க சார்? ஒன்பது மில்லிகிராம்..."

அவர் அறிக்கையைத் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்து என் பக்கம் நகர்த்தினார். பத்து மில்லிகிராம் போதுமான குறைந்தபட்ச அளவு. நான் எழுதியது. எல்லா ஆண்டும் எழுதியது.

"குறைந்தபட்சம்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. அதுக்குக் கீழ என்னால எப்படிப் போக முடியும்? என் பேத்தி, உங்க பொண்ணு, ரெண்டு பேரும் படுத்திருக்காங்க." வரியிலிருந்து விரலை எடுத்தார். "அவங்க சம்மதிச்சுத்தான் உள்ள வந்தாங்க பூபதி."

ஒன்பதிலும் யாரும் சாக மாட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பத்து என்பது நான் பாதுகாப்புக்காகச் சற்று ஏற்றிப் போட்ட எண் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அந்த மேசையில் என்னுடைய இரண்டாவது தவறும் வந்து விழும். நீலக் கையெழுத்தைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார், அவசரமே இல்லாமல். பிறகு கோப்பை மூடினார்.

*

நான்காம் நாள் வேணி பசிக்கிறது என்றாள். ஒன்பதாம் நாள் காலை நீட்டினாள். மூன்றாவது வாரம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, நிற்பதை நாங்கள் பார்க்கிறோமா என்று பார்த்தாள். சுலோ அவளைத் தூக்கிக்கொண்டு அழுதாள். என் பக்கம் திரும்பவில்லை. அறிக்கை கொடுத்த நாளிலிருந்து தேவைக்கு மேல் அவள் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேணுமா, விளக்கை அணைக்கட்டுமா, அவ்வளவுதான்.

என் தழும்பு மூடிக்கொண்டது. மறுபடியும் வெள்ளைக் கோடு.

சுரங்கமே என்னைக் கும்பிட்டது. சத்துநீர்ச் சாளரத்தில் வரிசையில் நிற்கும்போது முன்னால் போகச் சொன்னார்கள். ஒரு நாள் டம்ளரை வாங்கி, குடிக்காமல் இரண்டடி நகர்ந்தேன்.

"சார், இங்கியே குடிச்சுட்டுப் போங்க" என்றான் சாளரத்தில் இருந்தவன், மரியாதையாக. "எல்லாருக்கும் ஒரே விதிதானுங்களே."

குடித்தேன். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

காயைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். ஆகவே என் பங்கு பீன்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, தினமும் மதியம் வடிகால் பகுதிக்குக் கொண்டு போக ஆரம்பித்தேன். பட்டம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். "புண்ணியமாப் போகுமுங் சார்" என்பாள். நான் நிற்காமல் திரும்பிவிடுவேன். சட்டைப்பையில் புதிய அட்டவணை இருக்கும். கழுவிய பீன்ஸ் என்ற வரிக்கு எதிரே நானே எழுதிய எண் இருக்கும். பூஜ்யம். கழுவிய வெண்டைக்காய், பூஜ்யம். கேரட் கொண்டு போன நாளில் மட்டும் ஏனோ கிண்ணத்தை நிறைய நிரப்பினேன்.

இரண்டு மாதம் போனது. மூன்றாவது மாதத்தில் தரையில் கரிக்கோடு மங்கியது. யாரும் அதைத் துடைக்கவில்லை, புதிதாகப் போடவும் இல்லை. தொட்டிகளின் பக்கம் சத்தம் குறைந்தது.

அன்று நான் போனபோது குப்பாயி சாக்கின் மேல் படுத்திருந்தாள். முழங்கால்கள் மடங்கி, விரிந்து. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பற்களின் இடையில் சிவப்பாக இருந்தது. அன்றைக்குப் பசலை. கிண்ணத்தை நீட்டினேன்.

பட்டம்மா வழக்கம் போல இரண்டு கையாலும் வாங்கினாள். மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு விரலால் கீரையை ஒதுக்கி, அடியில் நீர் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தாள். இல்லை. சுலோ மூன்று தண்ணீரும் நன்றாக வடிக்கிறவள்.

"காயில ஒண்ணுமில்லீங்களாமே சார்" என்றாள். "தண்ணியிலதான் எல்லாம் போயிருதாமா."

"யாரு சொன்னா?"

"அக்காதானுங். மொத நாளே வந்து சொல்லீட்டு அழுதாங்க."

முதல் நாளே. எழுபது நாட்களுக்கு மேலாக இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறாள். எழுபது முறை புண்ணியம் என்றிருக்கிறாள்.

"அப்பறம் ஏன் வாங்கினே?" என்று கேட்டேன்.

அவள் கிண்ணத்தை மகளின் தலைமாட்டில் வைத்தாள். உள்ளே போய், நேற்றைய கிண்ணத்தைக் கழுவித் துடைத்து எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க தூங்கோணுமில்லீங்" என்றாள்.